எக்செல் பட்டியலை கிளவுட் டேட்டாபேஸில் ஏற்றுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஒரு கல்வி அறக்கட்டளைக்காக, பல ஆண்டு எக்செல் பட்டியல்களை ஒரே டேட்டாபேஸில் கொண்டுவரும் வேலையை எடுத்துச் செய்தேன். பெயர்கள் தமிழில், கூடவே பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், கொடுத்த தொகை. இவ்வளவுதான் பட்டியல். ஆனாலும் வேலை எளிதாக முடியவில்லை. எங்கெல்லாம் சிக்கும் என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தியது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சூப்பாபேஸ், அமேசான் ஆர்டிஎஸ், கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல் என்று எந்தக் கிளவுட் சேவையில் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது அதே போஸ்ட்கிரெஸ் என்றால் கீழே சொல்வது பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுபோகும் கோப்பால் பெரிய ஆபத்து இல்லை. எங்கே தப்பு என்று அதுவே சொல்லிவிடும். பிழையே காட்டாமல் தவறான டேட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. ஏப்ரல் 5 என்பது மே 4 ஆகிவிடும். கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பணம் அனுப்பும் நாள் வரை யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தனி ஃபோல்டரில் போட்டு, திருத்த முடியாதபடி 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடுங்கள். எல்லா வேலையும் இன்னொரு பிரதியில்தான் நடக்க வேண்டும். "ஒரே ஒரு திருத்தம்தானே" என்று மூலத்தைத் தொட்டால், பிறகு எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

அடுத்தது, ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பட்டியலைப் பராமரித்தவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். 'தொகை' என்றால் அனுமதித்த தொகையா, கொடுத்த தொகையா? 'தேதி' என்றால் விண்ணப்பித்த தேதியா, பணம் போன தேதியா? இதை ஷீட்டைப் பார்த்து ஊகிக்க முடியாது.

மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்கக் காகித ஆதாரம். வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், மாற்றுச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ் நகல் என்று ஒரு இருபது பேருடையதை எடுத்து வையுங்கள். ஒரே ஆண்டிலிருந்து எடுக்காமல் பல ஆண்டுகளிலிருந்து கலந்து எடுங்கள். ஆண்டுக்கு ஒருவர் தட்டச்சு செய்திருப்பார், ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கும்.

கடைசியாக, இந்த டேட்டாவை இணையத்தில் ஏற்ற நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. ஆதார் எண் போன்றவை உண்மையில் தேவையா என்று அப்போதே கேளுங்கள். தேவை இல்லாத நெடுவரிசையை ஏற்றாமல் விடுவதுதான் அதற்கு நல்ல பாதுகாப்பு.

## 2. செலவு

சின்னப் பட்டியலுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. சூப்பாபேஸின் இலவசத் திட்டத்தில் 500 எம்பி டேட்டாபேஸ் கிடைக்கும். பெயர், முகவரி, தொகை மட்டும் உள்ள சில லட்சம் வரிகளுக்கு அது பொதுவாகப் போதும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் புராஜெக்ட் இடைநிறுத்தப்படும். தானியங்கி பேக்கப் கிடையாது. 500 எம்பியைத் தாண்டினால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. அன்றாட வேலைக்கு என்றால் மாதம் 25 டாலர் திட்டத்திலிருந்து தொடங்கும். விலை மாறக்கூடியது, கார்டு கொடுக்கும் முன் விலைப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழியாது, புதிய பதிப்பு பக்கத்தில் எழுதப்படும். எல்லா வரிகளையும் ஒரே அடியில் திருத்தினால் டேபிள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இலவச அளவின் விளிம்பில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஎஸ் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேலை முடிந்தது என்று டேட்டாபேஸை 'ஸ்டாப்' செய்துவிட்டுப் போனால், ஏழு நாள் கழித்து அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும், பில்லும் ஓடும். இனித் தேவையில்லை என்றால் பிரதி எடுத்துக்கொண்டு நீக்கிவிடுவதுதான் வழி.

இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதை ஆன் செய்து, வரம்பு வைத்துவிட்டு, பிறகு பதிவு செய்யுங்கள். சர்வர் இருக்கும் இடமாக மும்பையைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

## 3. ஷீட்டை நேராக்குதல்

நம் அலுவலக ஷீட்டுகள் அச்செடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. மேலே நிறுவனத்தின் பெயர், இரண்டு வரித் தலைப்பு, மாவட்டத்துக்கு ஒரு 'மெர்ஜ்' செய்த கட்டம், இடையிடையே 'மொத்தம்' என்ற வரி. டேட்டாபேஸுக்கு இவை எல்லாமே தொல்லை.

மெர்ஜ் செய்த கட்டங்களைப் பிரித்தால் முதல் கட்டத்தில் மட்டும்தான் மாவட்டப் பெயர் இருக்கும், மற்றவை காலி. எக்செலின் பவர் குவெரி கருவியில் 'ஃபில் டவுன்' கொடுத்தால் காலிக் கட்டங்கள் நிரம்பிவிடும். இடையில் வரும் மொத்த வரிகளை நீக்குங்கள். ஆனால் நீக்கும் முன் அந்தத் தொகைகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், 10-ஆம் படியில் தேவைப்படும்.

ஃபில்டரை எடுத்துவிட்டு, மறைத்து வைத்த வரிகளையும் நெடுவரிசைகளையும் வெளியே கொண்டுவாருங்கள். வேறு கோப்பிலிருந்து மதிப்பை எடுக்கும் ஃபார்முலாக்கள் இருந்தால், 'பேஸ்ட் வேல்யூஸ்' கொடுத்து மதிப்பாக மாற்றிவிடுங்கள். இன்னொன்று: சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திறந்திருக்கும் ஒரே ஒரு ஷீட்தான் சேமிக்கப்படும். ஆண்டுக்கு ஒரு ஷீட் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும்.

தலைப்புகளைச் சின்னதாக, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் தமிழ்த் தலைப்பையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் (கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள்) 3 பைட், ஆக 21 குறிகள்தான். 'மாணவரின் தந்தை பெயர்' என்பதே இடைவெளிகளோடு சேர்த்து 20 குறி. அதைவிட நீளமானால் வால் வெட்டப்படும்.

## 4. எண் போலத் தெரியும் எண்ணல்லாதவை

கணக்கு எண், கைபேசி எண், பின்கோடு, பதிவு எண் இவற்றை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் போடுவதில்லை. எனவே இவை டெக்ஸ்டாகவே இருக்க வேண்டும். எக்செல் அப்படி நினைப்பதில்லை.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்திருக்கும். 16-ஆவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். அப்படிப்பட்ட எண்ணை எண்ணாகத் தட்டச்சு செய்திருந்தால் கடைசி இலக்கம் ஏற்கெனவே போய்விட்டது. எந்த ஃபார்முலாவாலும் திரும்பக் கிடைக்காது. பாஸ்புக்கைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். 16 இலக்க எண்களை மட்டும் வடிகட்டி, எல்லாமே பூஜ்யத்தில் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இந்தக் கோளாறேதான்.

அடுத்தது இன்னும் பரவலானது. சாதாரண வடிவமைப்பில் 11 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும்: 1.23457, பிறகு ஒரு ஆங்கில எழுத்து, பிறகு +11 என்று. கட்டத்துக்குள் முழு எண் இருக்கும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். மீதி இலக்கங்கள் கோப்பில் இருக்காது. சேமிக்கும் முன் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பை 'நம்பர்' ஆக்கி, தசம இலக்கம் பூஜ்யம் என்று வையுங்கள். முழு எண்ணும் திரையில் தெரிந்த பிறகே சேமிக்க வேண்டும்.

முன்னால் உள்ள பூஜ்யமும் இப்படித்தான் விழும். கணக்கு எண் பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிகள் உண்டு. எந்த வங்கிக்கு எத்தனை இலக்கம் என்று தெரிந்தால், விடுபட்ட பூஜ்யத்தை மறுபடி சேர்த்துவிடலாம். தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள்.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 இடம்: நான்கு எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், பிறகு ஆறு. அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை அடித்து வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாவது இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பூஜ்யம்தானா என்று சோதியுங்கள்.

சரி, எல்லாவற்றையும் திருத்தி சிஎஸ்வியாகச் சேமித்தாகிவிட்டது. இப்போது அதை இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்து பார்க்காதீர்கள்! திறந்தவுடன் பூஜ்யங்களை மறுபடி எடுத்துவிடும். பழக்கதோஷத்தில் சேவ் கொடுத்தால் எல்லாம் வீண். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

## 5. தேதிகள்

அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் எழுதுவது நாள், மாதம், ஆண்டு. கணினியின் விண்டோஸ் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் எக்செல் அதை மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். 05/04/2008 என்று அடித்தால் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04/2008 என்று அடித்தால் 25-ஆவது மாதம் இல்லையே, அதனால் அதைத் தேதியாகவே எடுக்காமல் டெக்ஸ்டாக விட்டுவிடும். விளைவு: ஒரே நெடுவரிசையில் நாள் 12-க்கு மேல் உள்ளவை டெக்ஸ்டாகச் சரியாக இருக்கும், 12 வரை உள்ளவை தேதியாகத் தவறாக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

கண்டுபிடிக்க எளிய வழி, கட்டத்தின் இடம் வலம் ஒழுங்கமைப்பை நீக்கிவிடுவது. டெக்ஸ்ட் இடப்பக்கம் ஒட்டும், உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டும். நெடுவரிசை முழுவதும் ஒரே பக்கம் இருந்தால் நிம்மதி. இரண்டும் கலந்திருந்தால் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து 'ஈஸ்நம்பர்' ஃபார்முலாவால் இரண்டையும் பிரியுங்கள்.

தேதியாக உள்ளவற்றில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் சரியாகும். ஆனால் உடனே மாற்றிவிடாதீர்கள். அந்த ஷீட் முழுவதும் ஒரே கணினியில் அடிக்கப்பட்டதா? பாதி வேறு கணினியில் அடித்து இதில் ஒட்டியிருந்தால், சரியாக இருப்பவற்றையும் கெடுத்துவிடுவீர்கள். முதல் படியில் எடுத்து வைத்த சான்றிதழ் நகல்களில் நாள் 12-க்குள் உள்ளவர்களைப் பொறுக்கி ஒப்பிட்டு, ஆண்டுவாரியாக முடிவு செய்யுங்கள்.

இரண்டு இலக்க ஆண்டும் கவனிக்க வேண்டியது. எக்செல் பொதுவாக 00 முதல் 29 வரை 2000-களாகவும், 30 முதல் 99 வரை 1900-களாகவும் எடுக்கும். மாணவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 1928-இல் பிறந்த தாத்தாவைப் பாதுகாவலராகப் போட்டிருந்தால் அவர் 2028-இல் பிறக்கப் போகிறவராகிவிடுவார்.

கோப்பில் 45387 போல ஐந்து இலக்க எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதியை உள்ளுக்குள் நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது; இந்த எண் 2024 ஏப்ரல் 5. கட்டத்தின் வடிவமைப்பை மாற்றினால் தேதி தெரிந்துவிடும்.

எல்லாம் சரியானதும் எல்லாத் தேதிகளையும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்: 2008-04-05. இதைப் போஸ்ட்கிரெஸ் தவறாகப் படிக்காது. நாள்/மாதம்/ஆண்டு என்று விட்டால், போஸ்ட்கிரெஸும் இயல்பாக மாதத்தைத்தான் முதலில் எடுக்கும். அதே சிக்கல் இன்னொரு முறை வரும்.

## 6. சிஎஸ்வியாகச் சேமித்தல்

எக்செலில் சிஎஸ்வி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும், தமிழ் எழுத்தைச் சரியாக வைத்திருக்கும் குறியாக்கம் அது. வெறும் 'சிஎஸ்வி' எடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது. யுடிஎஃப்-8 தேர்வு இல்லாத பழைய எக்செல் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துங்கள். செலவில்லை, சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம், பிரிப்பான், மேற்கோள் எல்லாவற்றையும் கேட்டே சேமிக்கும். உண்மையைச் சொன்னால், புதிய எக்செல் இருந்தாலும் இந்த வேலைக்கு எனக்குப் பிடித்தது கால்க்தான்.

எக்செலின் யுடிஎஃப்-8 கோப்பில் முதல் எழுத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும், 'பாம்' என்பார்கள். பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்து ஏற்றுபவர்களுக்கு, முதல் நெடுவரிசை கண்முன் இருந்தும் "அப்படி ஒரு நெடுவரிசை இல்லை" என்று பிழை வந்தால் காரணம் இதுதான். குறியாக்கத்தை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

பழைய ஷீட்டுகளில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழ் இருக்கலாம். அந்த எழுத்துரு இருக்கும் வரைதான் அது தமிழ்; உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கட்டத்தின் எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள், தமிழ் காணாமல் போனால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் கைபேசி எண்ணும் கணக்கு எண்ணும் சேர்ந்த முழு ஷீட்டை முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டாதீர்கள், பெயர் நெடுவரிசையை மட்டும் எடுத்துப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

## 7. ஸ்டேஜிங் டேபிள்

முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால், இதைப் பின்பற்றுங்கள். நிஜ டேபிளில் நேரடியாக ஏற்றாதீர்கள். வீடு மாறும்போது சாமான்களை முதலில் கூடத்தில் இறக்கிவைத்து, பிறகு அறை அறையாக எடுத்துப் போவது மாதிரி, முதலில் ஒரு தற்காலிக டேபிளில் இறக்குங்கள். அதைத்தான் ஸ்டேஜிங் டேபிள் என்பார்கள்.

அந்த டேபிளில் எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட். தேதியும் டெக்ஸ்ட், தொகையும் டெக்ஸ்ட். காலியாக விடக்கூடாது, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்பது போன்ற எந்த நிபந்தனையும் வேண்டாம். அதோடு இரண்டு நெடுவரிசைகள் கூடுதலாக வையுங்கள்: எந்தக் கோப்பு, எக்செலில் எத்தனையாவது வரி. பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் மூலக் கோப்பின் அதே வரிக்குப் போய்ப் பார்த்துவிடலாம்.

சூப்பாபேஸில் இருப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இது. 'பப்ளிக்' ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேபிள்களை வைக்கும் பெட்டி மாதிரி) எஸ்க்யூஎல் கட்டளை எழுதி டேபிள் உருவாக்கினால், வரிநிலைப் பாதுகாப்பு, அதாவது ஆர்எல்எஸ், ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அது இல்லாத டேபிளை, செயலியில் வைக்கும் பொதுச் சாவி தெரிந்த யாரும் படிக்க முடியும். தற்காலிக டேபிள்தானே என்று விட்டால், மாணவர்களின் கணக்கு எண்கள் வெளியே கிடக்கும். ஸ்டேஜிங் டேபிள்களுக்குத் தனி ஸ்கீமா ஒன்றை உருவாக்கி அதில் வையுங்கள்.

நிஜ டேபிளிலும் பெயர், முகவரிக்கு நீள வரம்பு வைக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் எண்ணுவது யூனிகோட் குறிகளை. 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து, அதற்கு 15. இருபது எழுத்து போதும் என்று வைத்த வரம்பு, இனிஷியலும் அப்பா பெயரும் சேர்ந்தால் உடைந்துவிடும்.

## 8. ஏற்றுவதும் அப்போது வரும் பிழைகளும்

சில ஆயிரம் வரி என்றால் சூப்பாபேஸின் டாஷ்போர்டிலேயே சிஎஸ்வியைக் கொடுத்து ஏற்றலாம். எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட் என்றுதான் காட்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். அதற்கு மேல் என்றால் போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கமாண்ட் லைன் கருவி.

அதில் 'காப்பி' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. வெறும் காப்பி, கோப்பை சர்வரில் தேடும். கிளவுடில் உங்களுக்கு அந்த அனுமதி இருக்காது. முன்னால் பேக்ஸ்லாஷ் போட்ட காப்பிதான் உங்கள் கணினியிலிருந்து எடுக்கும். முழுக் கட்டளையும் ஒரே வரியில் இருக்க வேண்டும், நடுவில் என்டர் தட்டினால் புரியாது. விண்டோஸில் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது பழைய விண்டோஸ் குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு தமிழில் முட்டி நிற்கும்.

இணைப்பே கிடைக்காமல் காத்துக்கொண்டே இருந்தால்: சூப்பாபேஸின் நேரடி முகவரி இயல்பாக ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரி மட்டும்தான். உங்கள் இணைய இணைப்பில் அது இல்லாவிட்டால் 'செஷன் பூலர்' முகவரியைப் பயன்படுத்துங்கள். அதில் பயனர் பெயரும் மாறும், புராஜெக்ட் குறியீடு சேர்ந்து வரும். டாஷ்போர்டில் காட்டுவதை அப்படியே நகலெடுங்கள். கடவுச்சொல்லில் @ போன்ற குறி இருந்து, அதை இணைப்பு முகவரிக்குள் எழுதினால் %40 என்று எழுத வேண்டும்.

இனி வழக்கமான பிழைகள். செய்தி ஆங்கிலத்தில் வரும், பொருளை மட்டும் சொல்கிறேன்.

கடைசி நெடுவரிசைக்குப் பிறகும் டேட்டா இருக்கிறது. முகவரிக்குள் உள்ள காற்புள்ளி மேற்கோளுக்குள் இல்லை, அல்லது ஷீட்டின் வலக்கோடியில் யாரோ எழுதிய குறிப்பு கூடவே வந்திருக்கிறது.

மேற்கோள் மூடப்படவில்லை. கையால் செய்த கோப்பு, அல்லது வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பு. எங்கோ ஜோடியில்லாத ஒரு இரட்டை மேற்கோள் இருக்கிறது. பிழை கோப்பின் கடைசி வரியைக் காட்டும், ஆனால் தப்பு அதற்கு வெகு முன்னால் இருக்கும். கோப்பைப் பாதிப் பாதியாக வெட்டி ஏற்றிப் பார்த்தால் சீக்கிரம் சிக்கும்.

யுடிஎஃப்-8-க்குப் பொருந்தாத பைட். 6-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

பிழையோடு வரி எண்ணும் வரும். தலைப்பு வரியும் அதில் ஒன்றாக எண்ணப்படும். கட்டத்துக்குள் ஆல்ட் என்டர் தட்டி எழுதிய முகவரிகள் இருந்தால் இந்த எண் எக்செல் வரி எண்ணோடு ஒத்துப்போகாது.

ஒரு வரியில் பிழை வந்தாலும் மொத்தக் கோப்பும் ஏறாது. போஸ்ட்கிரெஸின் பதினேழாம் பதிப்பிலிருந்து, நெடுவரிசையின் வகைக்குப் பொருந்தாத மதிப்புள்ள வரியை விட்டுவிட்டு மற்றதை ஏற்றும் வசதி வந்திருக்கிறது. உதவித்தொகைப் பட்டியல் போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். விட்டுப்போன ஒவ்வொரு வரியும் ஒரு மாணவர்.

## 9. ஒன்றுபோல் தெரிந்தும் ஒன்றாகாத தமிழ்ப் பெயர்கள்

எல்லாம் ஏறிய பிறகு 'கோபி' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். காரணம் உண்டு. 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம்: க-வும் ஓகாரக் குறியும் என இரண்டு குறிகளாக, அல்லது க, இரட்டைக் கொம்பு, கால் என மூன்று குறிகளாக. திரையில் ஒன்றுதான். எக்செலில் 'லென்' ஃபார்முலா போட்டால் ஒன்று 2 என்றும் மற்றது 3 என்றும் காட்டும். போஸ்ட்கிரெஸின் 'நார்மலைஸ்' என்ற செயல்பாட்டை என்எஃப்சி வடிவத்துக்குக் கொடுத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது.

'ஸ்ரீ' அப்படித் தீராது. ஸ-வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶ-வில் தொடங்கும் ஶ்ரீ ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இவை வெவ்வேறு எழுத்துகள் என்பதால் நார்மலைஸ் தொடாது. ஸ்ரீரங்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இரண்டிரண்டு ஊர்களாக வந்து நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஒன்றைத் தீர்மானித்து மற்றதை மாற்றிவிட வேண்டியதுதான். 'ஔ' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைப்பதும் இதே வகை.

பெயருக்கு முன்னும் பின்னும் இடைவெளி இருக்கும். எக்செலின் 'டிரிம்' சாதாரண இடைவெளியைத்தான் எடுக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் வரும் 160 எண் இடைவெளியை 'சப்ஸ்டிட்யூட்' வைத்துத் தனியாக எடுக்க வேண்டும். அகலமே இல்லாத இணைப்புக் குறிகளும் சில தட்டச்சு மென்பொருள்களிலிருந்து வரும்.

## 10. சரிபார்த்து நிஜ டேபிளுக்கு மாற்றுதல்

முதலில் எண்ணிக்கை. ஸ்டேஜிங்கில் உள்ள வரிகள், எக்செலில் தலைப்பு நீங்கலாக உள்ள வரிகள், இரண்டும் ஆண்டுவாரியாகப் பொருந்த வேண்டும்.

அப்புறம் தொகை. 1,25,000 என்று காற்புள்ளியோடும், ரூபாய்க் குறியோடும், கடைசியில் '/-' போட்டும் இருக்கும். காற்புள்ளியையும் குறிகளையும் நீக்கி எண்ணாக்கிக் கூட்டுங்கள். மொத்தம், 3-ஆம் படியில் தாளில் குறித்த தொகைகளோடு மாவட்டவாரியாக ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் விடாதீர்கள். பெரும்பாலும் பழைய ஷீட்டில் கூட்டலில் சேராமல் போன டெக்ஸ்ட் எண்தான் காரணமாக இருக்கும், அதாவது பழைய மொத்தமே தப்பு. அப்படியென்றால் கணக்காளரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேதியில் மிகப் பழையதும் மிகப் புதியதும் என்ன என்று பாருங்கள். எண்ணாகவோ தேதியாகவோ மாறாத மதிப்புகளைப் பிடிக்க, பதினாறாம் பதிப்பிலிருந்து ஒரு மதிப்பு குறிப்பிட்ட வகைக்குப் பொருந்துமா என்று ஆம், இல்லை சொல்லும் செயல்பாடு இருக்கிறது. அதை வைத்துப் பொருந்தாத வரிகளை மட்டும் பட்டியலிட்டுத் திருத்தலாம். காலியாக உள்ளவற்றை 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற நிலை, ஆக்குங்கள். மேற்கோளுக்குள் வரும் வெற்று மதிப்பும் நல் மதிப்பும் போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு.

மாற்றும் வேலை முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்யுங்கள். உள்ளே போன வரிகளை எண்ணிப் பார்த்துப் பொருந்தினால் 'கமிட்' கொடுத்து உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் 'ரோல்பேக்' கொடுத்து எல்லாவற்றையும் பழையபடியாக்குங்கள். வரிசையும் முக்கியம்: மாவட்டம், பள்ளி, மாணவர், கடைசியாகக் கொடுத்த தொகை. பள்ளி ஏறும் முன் மாணவரை ஏற்றினால், அவர் சுட்டும் பள்ளி இல்லை என்று ஃபாரின் கீ பிழை வரும். மாணவர் இரண்டு முறை வந்திருந்தால் "ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு" என்று கட்டளை கொடுப்பது சுலபம்தான். ஆனால் ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட இரட்டைப் பதிவுகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். கணக்கு எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்: அண்ணனும் தம்பியும் அம்மாவின் ஒரே வங்கிக் கணக்கைக் கொடுத்திருப்பார்கள், அது இரட்டைப் பதிவு அல்ல.

## 11. ஏற்றி முடித்த பிறகு

பழைய வரிசை எண்களையே அடையாள எண்ணாக ஏற்றியிருந்தால், அடுத்த எண்ணைக் கொடுக்கும் டேபிளின் 'சீக்வென்ஸ்' இன்னும் 1-இல்தான் நிற்கும். மறுநாள் யாராவது புதிய மாணவரைச் சேர்த்தால் "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை வரும். 'செட்வால்' செயல்பாட்டால் அதை இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு நகர்த்திவிடுங்கள். நிஜ டேபிள்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இலவசத் திட்டத்தில் இருந்தால் அன்றே 'பிஜி டம்ப்' கருவியால் பிரதி எடுங்கள். உங்கள் கணினியில் உள்ள கருவியின் பதிப்பு சர்வரின் பதிப்பைவிடப் பழையதாக இருந்தால் அது மறுத்துவிடும், புதியதை நிறுவிக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரு லட்சம் வரியை ஏற்றுவது நிமிடக் கணக்குதான். மூன்று முதல் ஆறு வரையிலான படிகளுக்குத்தான் நாட்கள் போகும், அதிலும் பாஸ்புக் நகல் கேட்டு மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் அதிகம் போகும். எனவே முதல் நாளிலேயே நகல்களைக் கேட்டுவிடுங்கள். பணம் அனுப்ப வேண்டிய மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஸ்டேஜிங் டேபிளை ஒரு முழுச் சுற்று பணப் பட்டுவாடா முடியும் வரை வைத்திருங்கள். வங்கியிலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் திரும்பி வரவில்லை என்று உறுதியானதும் அதை நீக்கிவிட்டு, கணினியில் கிடக்கும் இடைக்காலச் சிஎஸ்வி கோப்புகளையும் டவுன்லோட் ஃபோல்டர் வரை தேடி அழித்துவிடுங்கள்.